ஆயன்குளம் கிணறும் அடிநிலத்தின் முப்பரிமாண வரைபடமும்

திருநெல்வேலி மாவட்டத்தில், திசையன்விளைக்குப் பக்கத்தில் ஆயன்குளம் படுகையில் ஒரு வெட்டுக்கிணறு இருக்கிறது. 2021 கடைசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தபோது, படுகைக்கு வந்த வெள்ளம் அந்தக் கிணற்றுக்குள் இறங்கியது. சாதாரணக் கிணறாக இருந்தால் சீக்கிரமே நிறைந்து வழிந்திருக்கும். இது வாரக்கணக்கில் குடித்துக்கொண்டே இருந்தது, நிறையவில்லை. செய்தி பரவி, பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். 'அதிசயக் கிணறு' என்று பெயரும் விழுந்தது. பிறகு சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து ஒரு குழு வந்து ஆராய்ந்தது. அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை என்றும், அது கரைந்து குகை போன்ற வழிகள் உண்டாகியிருப்பதால் தண்ணீர் அவற்றின் வழியாக ஓடிவிடுகிறது என்றும் அந்தக் குழு கண்டது.

கிணறு ஏன் நிறையவில்லை என்பதற்கு அதோடு விடை கிடைத்துவிட்டது. ஆனால் தண்ணீரை நிர்வகிக்க வேண்டியவர்களுக்குத் தேவையான விடைகள் வேறு. உள்ளே போன தண்ணீர் எந்தத் திசையில் போகிறது? எத்தனை மாதம் நிலத்துக்குள் தங்குகிறது? எந்த ஊர்க் கிணறுகளுக்குப் போய்ச் சேர்கிறது? திசையன்விளையிலிருந்து உவரிக் கடற்கரை சுமார் பத்துக் கிலோமீட்டர்தான். போன தண்ணீர் வழியில் எங்காவது தேங்குகிறதா, இல்லை நேராகக் கடலுக்கடியில் போய்க் கலந்துவிடுகிறதா? அடுத்த மழைக்கு இன்னும் நான்கு கிணறுகளில் வெள்ளத்தை விடலாம் என்றால் எந்த நான்கு? இவை எல்லாமே ஆழம் பற்றிய கேள்விகள். ஆழத்தைக் காட்டாத வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது.

ஆயன்குளத்தை எடுத்துக்கொண்டு நான் சொல்ல வருவது ஒன்றுதான். நெல்லைச் சீமையின் அடிநிலத்தை நீளம், அகலம், ஆழம் மூன்றோடும் வரைவதற்கு வேண்டிய தகவலில் பெரும்பகுதிக்கு நம் விவசாயிகள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை ஆழ்துளைக் கிணறு (போர்) போடும்போதும் அந்தத் தகவல் பூமிக்குள்ளிருந்து மேலே வருகிறது. அதை எழுதி வைக்க ஆள் இல்லாததால் அடுத்த மழையில் கரைந்து போகிறது.

மேற்கிலிருந்து கிழக்கே

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை 1883-இல் எழுதி வெளியிட்டார். பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான். அந்தக் காலம் தொட்டு நம் கையில் இருப்பது பெரும்பாலும் மேற்பரப்பின் படம். எந்த இடத்தில் என்ன பாறை தலை காட்டுகிறது என்று வண்ணம் தீட்டிய தாள். கனிமம் தேடுகிறவருக்கு அது நல்ல தொடக்கம். தண்ணீர் தேடுகிறவருக்கு அது பாதிகூட இல்லை.

மேற்கே பொதிகையும் களக்காட்டு மலையும் சார்னோக்கைட், நைஸ் வகையைச் சேர்ந்த கடினப் பாறைகள். மலையடிவாரத்திலிருந்து கிழக்கே நாங்குநேரி தாண்டியும் அடியில் இருப்பது இந்தக் கடினப் பாறைக் குடும்பம்தான். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே சிதைந்து உதிரும் பாறை, அதற்கும் கீழே வெடிப்பு விட்ட பாறை. தண்ணீர் சிதைந்த பாறையிலும் வெடிப்பிலும் மட்டுமே நிற்கும். அதனால்தான் ஒரு தோட்டத்துப் போரில் மூன்று இஞ்சுத் தண்ணீர் ஓட, வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டதில் வெறும் புகை வருகிறது. அங்கே அதிர்ஷ்டம் என்று சொல்லப்படுவது வெடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்பதுதான்.

இந்தக் கடினப் பாறைக்கு இடையிடையே சுண்ணாம்புப் பாறைப் பட்டைகள் உண்டு. தாழையூத்துச் சங்கர் நகரில் 1949-இல் சிமெண்ட் ஆலை தொடங்கியதற்குக் காரணமே அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைதான். ஆகவே இந்தச் சீமையில் சுண்ணாம்புப் பாறை இருப்பது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. அது எந்த ஆழத்தில், எவ்வளவு தடிமனில், எந்தச் சாய்வில், எதைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது என்பதுதான் கேள்வி. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளை நெடுங்காலமாக அரித்து அகலப்படுத்துகிறது. மற்ற பாறைகளில் மயிரிழை அளவில் நிற்கும் வெடிப்பு இங்கே ஆள் நுழையும் அளவுக்குக்கூடப் பெருகலாம்.

கடற்கரையை நெருங்கினால் கதை மாறுகிறது. சாத்தான்குளம், குதிரைமொழி, இட்டமொழிப் பக்கங்களில் காற்று குவித்த செம்மணல் தேரிகள். பணம்பாறையிலும் கடலோரத்திலும் சுண்ணாம்பு கலந்து இறுகிய மணற்பாறை. அடியில் களிமண்ணும் கிளிஞ்சலும் கலந்த படிவுகள். வடக்கே தாமிரபரணிக் கழிமுகத்தில் இன்னொரு விதம். ஒரு காலத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறு கொண்டுவந்த மணலும் வண்டலும் கடலைத் தள்ளித் தள்ளி நிலமாக்கியதன் விளைவு அது. அதனால் அங்கே நல்ல ஆற்றுமணலுக்குக் கீழே பழைய கடற்களிமண் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கொஞ்சம் ஆழம் கூடிப் போனால் நல்ல தண்ணீர் உப்பாகிவிடும் இடங்கள் இவை.

நாம் எல்லோரும் பார்த்த ஒரு சான்று திருச்செந்தூரில் இருக்கிறது. கடலுக்கு அத்தனை பக்கத்தில் நாழிக்கிணற்றில் உப்பில்லாத தண்ணீர் ஊறுகிறது. உவரியிலும் மணப்பாட்டிலும் கடலோரத்திலேயே நல்ல தண்ணீர் உண்டு. காரணம் எளிமையானது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட அடர்த்தி கூடியது, அதனால் மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஒரே சீரான மணலில் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் பயம் புரியும். மோட்டார் போட்டு அந்த மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்பு 20 மீட்டர் மேலே ஏற இடம் கொடுக்கிறோம். சுண்ணாம்புக் குகை வழி ஒன்று கடலை எட்டியிருந்தால் இந்தக் கணக்குகூடப் பொருந்தாது. உப்பு அந்த வழியாகவே நேராக உள்ளே வரும்.

சராசரி என்னும் சிக்கல்

தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் கணக்கிடுவது பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்க் குறுவட்டம்) வாரியாக. ஒரு வருடத்தில் எடுக்கத்தக்க நீரில் எவ்வளவு எடுக்கிறோம் என்று பார்த்து, 70 சதவீதம் வரை பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் அதிநுகர்வு என்று வகைப்படுத்துகிறார்கள். மாநிலம் முழுக்க ஒரே அளவுகோல் வேண்டும் என்ற வகையில் இது பயனுள்ள வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிர்காவின் எல்லை வருவாய்த் துறை போட்ட கோடு. பாறைக்கு அந்தக் கோடு தெரியாது.

ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஒரே பிர்காவுக்குள் மேற்கே கடினப் பாறையும் கிழக்கே தேரிமணலும் இருக்கலாம், நடுவில் ஒரு சுண்ணாம்புப் பட்டையும் ஓடலாம். கடினப் பாறைக் கிணறு மார்கழியில் நிறைந்து பங்குனியில் வற்றும். தேரிமணலில் மட்டம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சுண்ணாம்புக் குகையில் ஒரு மழைக்கு ஏறும் மட்டம் சீக்கிரமே இறங்கிவிடலாம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வரும் எண் அந்தப் பிர்காவில் எந்தக் கிணற்றுக்கும் பொருந்தாது. அந்த எண்ணை நம்பி ஒருவருக்கு மின் இணைப்பும் இன்னொருவருக்கு மறுப்பும் கொடுப்பது நியாயமாகவும் இருக்காது.

முப்பரிமாண வரைபடம் இந்தச் சராசரியைப் பிரித்துக் காட்டுகிறது. ஒவ்வொரு படிவின் தலையும் அடியும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கின்றன என்று ஊர் ஊராகத் தெரிந்தால், எந்தக் கிணறு எந்தப் படிவிலிருந்து குடிக்கிறது என்று சொல்லலாம். ஒரே படிவில் குடிக்கும் கிணறுகளுக்கு ஒரே கணக்கு, வேறு படிவுக்கு வேறு கணக்கு. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று பாதிக்காத கிணறுகள் உண்டு. இரண்டு ஊர் தள்ளியிருந்தும் ஒரே வெடிப்பில் போட்டி போடும் கிணறுகளும் உண்டு.

ரிக் வண்டிக்காரருக்குத் தெரிந்தது

இனி இந்தப் படத்துக்கு வேண்டிய தகவல் எங்கே கிடைக்கிறது என்று பார்ப்போம். நான் அதிகம் பேச விரும்புவது இந்த இடத்தைப் பற்றித்தான்.

தோட்டத்தில் போர் போட்டு முடித்த பிறகு நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"எத்தன அடியில தண்ணி தட்டுச்சு அண்ணாச்சி?"

"நூத்தி அறுபதுல லேசா ஈரம் காட்டுச்சு தம்பி. இருநூத்தி இருபதுல நல்லா வந்துட்டு."

அதோடு சரி. மேலிருந்து நூற்று அறுபது அடி வரைக்கும் என்ன வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ரிக் (துளையிடும் வண்டி) ஓட்டுகிறவருக்கு அது தெரியும். செம்மண் எத்தனை அடியில் முடிந்தது, சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) எங்கே தொடங்கியது, எந்த இடத்தில் பொடி வெள்ளையாக மாறியது, எங்கே கருங்கல் தட்டியது என்பதெல்லாம் அன்றைக்கு அவர் கண்முன் குவியல் குவியலாக வந்து விழுந்தவை. துளையிட இறக்கும் கம்பிக்கு ராடு என்று பெயர், பெரும்பாலும் ஒரு ராடு 20 அடி நீளம். ஒவ்வொரு ராடு இறங்கவும் எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்தாலே பாறையின் கடினத்தைப் பற்றி ஒரு நல்ல குறிப்பு கிடைத்துவிடும்.

சுண்ணாம்பு நாட்டில் இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. துளையிடும்போது கம்ப்ரசர் காற்று பொடியை மேலே தள்ள வேண்டும். சில இடங்களில் காற்று உள்ளேயே போய்விடும், பொடி மேலே வராது. இன்னும் சில இடங்களில் ராடு சட்டென்று சில அடி தானாக இறங்கும். வண்டிக்காரருக்கு இரண்டும் தொந்தரவு. பிட் (துளையிடும் முனை) மாட்டிக்கொள்ளும், போர் பாதியில் நிற்கும், கூலித் தகராறு வரும். நிலவியலாளருக்கோ அது விலை மதிக்க முடியாத குறிப்பு, ஏனென்றால் அங்கேதான் பொந்து இருக்கிறது. ஆயன்குளத்தைச் சுற்றி இப்படிப் பாதியில் கைவிட்ட போர்கள் எங்கெங்கே, எத்தனை அடியில் என்று குறித்து வரைபடத்தில் வைத்தால், குகை வழிகள் ஓடும் திசை பற்றி முதல் ஊகம் கிடைத்துவிடும். செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டும் ஒரு பேனாவும்.

கடினப் பாறைப் பகுதியில் இன்னும் சுலபமான ஒரு வழி உண்டு. போர் போட்ட பில்லில் இரண்டு எண்கள் இருக்கும், மொத்தம் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி. கேசிங் குழாயை உதிரும் மண்ணும் சிதைந்த பாறையும் முடிகிற வரைக்கும்தான் இறக்குவார்கள், கெட்டிப் பாறை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே கேசிங் அடி என்பது அந்த இடத்தில் கெட்டிப் பாறையின் தலை ஏறத்தாழ எத்தனை அடியில் இருக்கிறது என்பதற்கான அளவு. அலமாரியில் கிடக்கும் பழைய பில்களைச் சேர்த்தாலே, நாங்குநேரி தாலுகா முழுக்கச் சிதைந்த பாறையின் தடிமனை முதல் தடவையாக ஒரு பரப்பாக வரைந்து பார்க்கலாம். காசு கொடுத்தவர் விவசாயி, பில் அவர் வீட்டில், தகவல் ஊருக்குப் பொது. நான் பார்த்தவரை இதைவிட மலிவான நிலவியல் ஆய்வு கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஆழத்தைத் தரையிலிருந்து அடிக்கணக்கில் சொல்வது பேச்சுக்குப் போதும், வரைபடத்துக்குப் போதாது. தேரி மேட்டில் போட்ட போரும் அதன் அடிவாரத்தில் போட்ட போரும் ஒரே மணற்பாறையை வேறு வேறு அடியில் தொடும். தரைமட்டத்தைக் கழிக்காமல் வரைந்தால், சமமாகக் கிடக்கும் படிவு மேடும் பள்ளமுமாகத் தெரியும், இல்லாத மடிப்பை இருப்பதாக நம்பிவிடுவோம். இடத்தைக் கைப்பேசியில் குறிக்கலாம், அது ஓரளவு சரியாக இருக்கும். ஆனால் உயரத்துக்குக் கைப்பேசியை நம்பக்கூடாது. செயற்கைக்கோள் உயர வரைபடத்திலிருந்து எடுக்கலாம், முக்கியமான கிணறுகளுக்கு மட்டக் கருவி வைத்தே அளக்க வேண்டும். கடலோரத்தில் 1 மீட்டர் வித்தியாசம் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

அப்புறம், வண்டிக்காரர் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதி வைக்க வேண்டும். சுக்கான், சரளை, வெள்ளைப் பொடி, கருங்கல் என்று அவர் சொன்னதை அங்கேயே பாடப்புத்தகப் பெயராக மாற்றினால், பின்னால் திருத்தவே முடியாது. ஒவ்வொரு ராடுக்கும் ஒரு கைப்பிடிப் பொடியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அடி எழுதி வைத்தால், நிலவியலாளர் பிறகு வந்து பார்த்துக்கொள்வார். சுண்ணாம்பா இல்லையா என்று தெரிய ஒரு சொட்டு நீர்த்த அமிலம் போதும், சுண்ணாம்பாக இருந்தால் நுரைக்கும்.

கருவிகள் சொல்வதும் சொல்லாததும்

போர்களுக்கு இடையே உள்ள இடத்தை நிரப்பப் புவி இயற்பியல் முறைகள் வேண்டும். வேளாண் பொறியியல் துறை விவசாயிகளுக்காகச் செய்து தரும் மின்தடை ஆய்வு நம் ஆட்களுக்குப் பழக்கமானதுதான். தரையில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, அடியில் உள்ள பொருள் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கிறார்கள். கெட்டியான சார்னோக்கைட் பலமாகத் தடுக்கும், ஈரமான சிதைந்த பாறை குறைவாகத் தடுக்கும்.

நெல்லைக் கடலோரத்தில் இந்த முறைக்கு ஒரு பெரிய குழப்பம் உண்டு. உப்புநீர் நிறைந்த மணலும் மின்சாரத்தை எளிதாக விடும், ஈரக் களிமண்ணும் எளிதாக விடும். கருவியில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். நிர்வாகத்துக்கு இரண்டும் நேர் எதிர். களிமண் என்றால் அது கீழேயுள்ள நல்ல தண்ணீரைக் காக்கும் கூரையாக இருக்கலாம். உப்பு மணல் என்றால் கடல் உள்ளே வந்துவிட்டது என்று பொருள். பக்கத்தில் ஒரு போர்க் குறிப்பாவது இருந்தால்தான் எது எது என்று பிரிக்க முடியும். சுண்ணாம்புப் பொந்துகளிலும் இதே சிக்கல்தான். பொந்து காற்றோடு காலியாக இருந்தால் தடை கூடும், தண்ணீர் நிறைந்தால் குறையும். ஆகவே ஆயன்குளத்தில் ஒரே கோட்டில் மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் காட்டும் இடத்தில்தான் தண்ணீர் போய்வருகிறது.

ஹெலிகாப்டரில் பெரிய வளையம் ஒன்றைத் தொங்கவிட்டு மின்காந்த முறையில் அளப்பது இப்போது உலகெங்கும் நடக்கிறது. டென்மார்க்கில் நிலத்தடி நீருக்காகவே வளர்ந்த நுட்பம் அது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர்த்தாங்கி (நிலத்தடி நீர் தங்கும் படிவு) வரைபடத் திட்டத்தின் முன்னோட்டமாக, ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து நாட்டில் ஆறு இடங்களில் இதைச் செய்து பார்த்தது. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தின் கீழ்வெள்ளாற்றுப் பகுதி அதில் ஒன்று. நாமும் அதைக் கேட்கலாம். ஆனால் பணகுடியிலிருந்து ராதாபுரம் வரை வழியெங்கும் காற்றாலைகள், கூடங்குளத்திலிருந்து போகும் உயர் மின்னழுத்தக் கம்பிகள். மின்காந்த அளவீட்டை இவை கெடுக்கும், கம்பிக்குப் பக்கத்தில் எடுத்த அளவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கடலூருக்குப் பொருந்தியது இங்கே அப்படியே பொருந்தாது. அதனாலேயே போர்க் குறிப்புகளுக்கும் தரையில் நடந்து செய்யும் ஆய்வுக்கும் நம் பக்கத்தில் மதிப்பு கூடுகிறது.

கோடுகளைப் பின்னி நிலத்தை எழுப்புவது

தகவல் கையில் வந்ததும் கணினியில் கொட்டிவிட்டு, அது தானாகவே படம் வரையட்டும் என்று விடுவது பலருக்கும் தோன்றும் வழி. கழிமுகம் மாதிரிப் படுகைகள் சமமாகக் கிடக்கும் நாட்டில் அது ஓரளவு எடுபடும். மடிந்தும் சாய்ந்தும் கிடக்கும் பாறையில் எடுபடாது. சரியான வழி பழைய வழிதான். நிலவியலாளர் மேற்கு கிழக்காகச் சில வெட்டுமுகங்களை (நிலத்தைச் செங்குத்தாக வெட்டினால் தெரியும் படங்களை) வரைகிறார், பிறகு வடக்கு தெற்காகச் சில. பத்தமடைப் பாயின் நெடுக்கும் குறுக்கும் போல அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வெட்டுமுகங்கள் சந்திக்கும் இடத்தில் சுண்ணாம்பின் தலை ஒன்றில் 30 மீட்டரிலும் மற்றதில் 45 மீட்டரிலும் இருந்தால், எங்கோ ஒரு கோட்டில் பிழை. அதைத் தீர்த்த பிறகுதான் இடைவெளிகளைக் கணினி நிரப்பலாம். இதற்கு இலவச மென்பொருட்களே இன்று போதும்.

நெதர்லாந்தில் தரைக்கு அடியில் 50 மீட்டர் வரை 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் அரை மீட்டர் தடிமனும் உள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன மண் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 'வாய்ப்பு' என்ற பகுதியைத்தான். அவர்கள் நாடு மென்மையான படிவு, நம்முடையது பெரும்பாலும் கெட்டிப் பாறை, அதே கட்ட அளவு நமக்கு ஆகாது. ஆனால் எந்த இடத்தில் பத்துப் போர் பார்த்து எழுதினோம், எந்த இடத்தில் ஊகித்தோம் என்று வரைபடமே சொல்ல வேண்டும். அழகான வண்ணத்தில் சுழலும் படத்தைப் பார்த்தால் அதிகாரிக்கும் விவசாயிக்கும் எல்லாமே உறுதி என்று தோன்றிவிடும். ஊகித்த இடத்தை மங்கலாகக் காட்டாத வரைபடம் ஆபத்தானது என்பது என் கருத்து.

ஆயன்குளத்தில் என்ன மாறும்

முதலில் திசை. சுண்ணாம்பின் பரப்பும் சாய்வும் தெரிந்தால், எந்தக் கிணறுகளில் நீர்மட்டப் பதிவுக் கருவி வைக்க வேண்டும் என்று தெரியும். பிறகு சாயச் சோதனை செய்யலாம். யுரானின் என்ற பச்சைச் சாயத்தைக் குறைந்த அளவில் கிணற்றுக்குள் விட்டு, எந்தக் கிணற்றில் எத்தனை நாளில் தலை காட்டுகிறது என்று பார்ப்பது சுண்ணாம்பு நாடுகளில் வழக்கமான முறை, அந்த அளவில் கெடுதல் இல்லாதது. வரைபடம் இல்லாமல் சாயம் விட்டால் எங்கே காத்திருப்பது என்றே தெரியாது.

அடுத்தது தரம். என்னைக் கவலைப்பட வைக்கும் விஷயம் இதுதான். மணல் வழியாக இறங்கும் தண்ணீர் நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டரோ சில மீட்டரோ நகரும், வழியில் வடிகட்டப்படும். குகை வழியில் தண்ணீர் ஒரு நாளில் கிலோமீட்டர் கணக்கில்கூட ஓடலாம், வடிகட்ட அங்கே ஒன்றும் இல்லை. வெள்ளத்தோடு வரும் வண்டல், வாழைத் தோட்டத்து மருந்து, சாக்கடை எல்லாமே அடுத்த ஊர்க் குடிநீருக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. கிணறு நன்றாகக் குடிக்கிறது என்பதற்காக வருகிற தண்ணீரை எல்லாம் அதற்குள் விடக்கூடாது. முதல் வெள்ளத்தைப் படுகையிலேயே நிறுத்தித் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடிகட்டி அமைத்து உள்ளே விட வேண்டும். சுண்ணாம்பு தரைக்கு அருகே வரும் இடங்களைக் குறித்து, அங்கே குப்பை கொட்டவும் கழிவுநீர்த் தொட்டி கட்டவும் தடை போட வேண்டும். பொந்துக்குள் வண்டல் அடைத்தால் இந்த வசதியே நம் கையை விட்டுப் போய்விடும். பொந்தின் கூரை மெலிந்த இடத்தில் தரை உள்வாங்கவும் கூடும், வீடும் தண்ணீர்த் தொட்டியும் கட்டும் முன் அதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வரப்போகும் தண்ணீர். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009-இல் தொடங்கி 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கன்னடியன் அணைக்கட்டின் உபரி வெள்ளம் வெள்ளாங்குழியிலிருந்து எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாயில் வறண்ட சீமைக்கு வருகிறது. இத்தனை வருடம் காத்திருந்த மக்களுக்கு இது பெரிய காரியம். அந்தத் தண்ணீர் வருடத்தில் சில நாட்களே வரும். அந்தச் சில நாட்களில் எந்தக் குளத்தை முதலில் நிரப்புவது என்று தீர்மானிக்க அடிநிலம் தெரிந்திருக்க வேண்டும். அடியில் களிமண் இருக்கும் குளம் தண்ணீரைப் பாசனத்துக்குத் தாங்கி வைக்கும். அடியில் மணலோ சுண்ணாம்போ இருக்கும் குளம் அதை நிலத்தடிக்கு அனுப்பும். இரண்டும் தேவை, ஆனால் ஒன்றை மற்றதென்று நினைத்து நிரப்பினால் நட்டம். கடலோரத்துக்கு நேர் மேற்கே இருக்கும் மணற்பாறையில் தண்ணீரை இறக்கினால் உப்பைத் தள்ளி வைக்கும் மதிலாக அது நிற்கும். கடலுக்கு நேரே ஓடும் குகை வழியில் இறக்கினால் சில நாட்களில் மன்னார் வளைகுடாவுக்குப் போய்விடும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததைப் பார்த்தோம். அப்படிப்பட்ட வெள்ளத்தை எந்தக் கிணறும் எந்தத் தேரியும் தடுத்து நிறுத்தாது, அப்படி யாருக்கும் நம்பிக்கை கொடுக்கவும் கூடாது. ஆனால் வருடா வருடம் வரும் சாதாரண உபரியில் ஒரு பங்கை நிலத்துக்குள் சரியான இடத்தில் சேர்க்க முடியும்.

தொடங்குவதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். ஆழ்துளைக் கிணறு தோண்ட ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அந்த அனுமதியோடு ஒரு பக்கப் படிவத்தைச் சேர்த்துக் கொடுத்து, போர் முடிந்ததும் திரும்ப வாங்கினால் போதும். இடம், ராடுக்கு ராடு பொடியின் நிறம், ஒவ்வொரு ராடுக்கும் ஆன நிமிடம், தண்ணீர் தட்டிய அடி, கேசிங் அடி, தண்ணீரின் உப்பு அளவு. படிவம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருக்க வேண்டும், ரிக் வண்டிக்காரர் நின்ற இடத்திலேயே பத்து நிமிடத்தில் நிரப்பும்படி. முதல் வெட்டுமுகத்தை நம்பியாற்றிலிருந்து ஆயன்குளம் வழியாக உவரிக் கடற்கரை வரை வரையலாம். அந்தக் கோட்டில் உள்ள கிணறுகளை ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு தடவையும் தை பிறந்ததும் ஒரு தடவையும் அளக்க வேண்டும். காற்று உள்ளே போன அடிக்கும் ராடு சட்டென்று இறங்கிய அடிக்கும் படிவத்தில் தனித்தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும்.